பட்டியலில் வராத ஏழு பேர்



கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்று போட்டு வைத்துக்கொண்டு வாசியுங்கள். கணினி விசயம் என்று தள்ளிவிட்டுப் போகாதீர்கள். எங்கள் பிள்ளைகளின் பெயர் ஒரு பட்டியலில் எப்படி வருகிறது, எப்படி வராமல் போகிறது என்பதுதான் இதில் இருக்கிறது. உயர்தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுக்கிற பிள்ளைகளுக்குப் பாடத்திலும் உதவும்.

பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிற எங்களுக்குப் பாதி நாள் பட்டியலோடுதான் போகும். வரவுப் பதிவேடு, பாடநூல் பட்டியல், சீருடைப் பட்டியல், பரீட்சை விண்ணப்பப் பட்டியல். முன்பு சீஆர் கொப்பியில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு எழுதினோம். கொப்பியில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் கண்ணுக்குத் தெரியும். பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைப்போம். இப்போது எல்லாம் கணினியில். அங்கே வெறுமையான கட்டம் தானாகக் கண்ணில் படாது. அதைப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் நினைத்து எழுதினால்தான் தெரியும்.

சில காலத்துக்கு முன் ஓர் உதவித் திட்டம் வந்தது. தூரத்திலிருந்து நடந்து வருகிற பிள்ளைகளுக்குச் சைக்கிள். யார் தந்தார்கள் என்பது இங்கே தேவையில்லை. நல்ல மனதோடு வந்தவர்கள். நாங்கள் 34 பிள்ளைகளின் விவரம் கொடுத்தோம். திரும்பி வந்த பட்டியலில் 27 பெயர்.

மறுத்துவிட்டோம் என்று கடிதம் இல்லை. காரணமும் இல்லை. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பெயராகக் கோடு போட்டுப் பார்த்தோம். விடுபட்ட ஏழு பேருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று. "தந்தை அல்லது தாயின் அடையாள அட்டை இலக்கம்" என்ற கட்டம் வெறுமை. சிலர் அம்மம்மாவோடு இருக்கிறார்கள். சிலருக்குத் தாய் வெளிநாட்டில். ஒருவரின் தாய் அட்டை தொலைத்துவிட்டுப் புதியதற்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். ஓர் அம்மம்மா எங்களிடம் சொன்னார்: "அம்மாட நம்பர் எழுத இடம் இருந்தது சேர். என்ர நம்பர் எழுத இடம் இருக்கேல்லை."

பட்டியல் தயாரித்த தம்பியோடு தொலைபேசியில் கதைத்தோம். பண்பான பிள்ளை. "சேர், நான் ஒருத்தரையும் வெட்டேல்லை. பிள்ளையையும் இலக்கத்தையும் சேர்த்து எடு எண்டுதான் எழுதினது. பிழையெண்டு ஒண்டும் காட்டவும் இல்லை" என்றார். அவர் சொன்னது உண்மை. தான் எழுதிய வினவலையும் அனுப்பிவைத்தார். மூன்றே வரி. தமிழில் எழுதினால் இப்படி வரும்:

வகுப்பில் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும்,
அந்தப் பிள்ளையின் கட்டத்தில் உள்ள ஒவ்வோர் இலக்கத்துக்கும்,
(பிள்ளை, இலக்கம்) என்று ஒரு சோடி தா.

இரண்டாவது வரியை இன்னொரு தடவை வாசியுங்கள். கட்டத்தில் ஓர் இலக்கம் இருந்தால் ஒரு சோடி வரும். கட்டம் வெறுமை என்றால் "ஒவ்வோர் இலக்கத்துக்கும்" என்ற வேலை பூச்சியம் தடவை நடக்கும். சோடியும் பூச்சியம். முதல் வரியில் பிள்ளை இருந்தது. மூன்றாம் வரிக்கு அது வந்து சேரவே இல்லை. கணினியைப் பொறுத்தவரை இதில் ஒரு பிழையும் இல்லை. சொன்னதைச் செய்தது.

ஏழு சைக்கிளும் பிறகு வந்தன. ஆனால் இடையில் போன நாட்களில் அந்தப் பிள்ளைகள் நடந்துதான் வந்தார்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

இந்த மூன்று வரிக்குள் இரண்டு வேறு சாமான் இருக்கிறது. ஒன்று பட்டியல். அதில் பூச்சியமும் இருக்கலாம், ஒன்றும் இருக்கலாம், நூறும் இருக்கலாம். மற்றது படிவத்தில் வருகிற கட்டம். அதில் ஒன்று இருக்கும், அல்லது ஒன்றும் இருக்காது. இரண்டு இருக்க முடியாது. செய்நிரல் மொழிகளில் இந்தக் கட்டத்துக்குத் தனிப் பெயர்கள் உண்டு. ஹஸ்கெல் மொழியில் மேபீ. ஸ்காலாவிலும் ரஸ்ட்டிலும் ஒப்ஷன். ஜாவாவில் ஒப்ஷனல், 2014இல் ஜாவா 8 பதிப்போடு வந்தது.

ஏன் இதற்குத் தனிப் பெயர் வேண்டும்? பழைய மொழிகளில் வெறுமையைக் காட்ட நல் என்று ஒன்றை வைத்திருந்தார்கள். அதை 1965இல் அல்கோல் டபிள்யூ என்ற மொழிக்காகக் கொண்டுவந்தவர் டோனி ஹோர் என்ற பிரித்தானிய அறிஞர். 2009இல் லண்டனில் நடந்த ஒரு மாநாட்டில் அவரே அதைத் தன்னுடைய நூறு கோடி டொலர் தவறு என்று சொன்னார். காரணம், நல் வெளியில் பார்க்க மற்றப் பெறுமதிகளைப் போலவே இருக்கும். உள்ளே ஏதோ இருக்கிறது என்று நம்பிக் கையை வைத்தால் செய்நிரல் அந்த இடத்திலேயே விழுந்துவிடும். ஒப்ஷன் அப்படியில்லை. "இது வெறுமையாகவும் இருக்கலாம்" என்று முகத்திலேயே எழுதியிருக்கும். திறந்து பார்க்காமல் பயன்படுத்த மொழி விடாது. எங்கள் சீஆர் கொப்பியில் போட்ட பென்சில் கேள்விக்குறி மாதிரி.

கட்டமும் பட்டியலும் ஒன்றோடொன்று சேரும்போதுதான் எங்கள் கதை தொடங்குகிறது. ஒரு விதத்தில் பார்த்தால் கட்டம் என்பதும் ஒரு குட்டிப் பட்டியல்தான். நீளம் ஒன்றுக்கு மேல் போகாத பட்டியல். 1990இல் ஃபிலிப் வாட்லர் என்ற அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். பட்டியலைச் சுற்றிவர எழுதுகிற அதே "ஒவ்வொன்றுக்கும்" எழுத்துமுறை, வெறுமையாக இருக்கக்கூடிய கட்டத்துக்கும், இன்னும் பலவற்றுக்கும் பொருந்தும் என்று அதில் காட்டினார். பிறகு வந்த ஸ்காலாவின் ஃபோர் எழுத்துமுறையும், 2007இல் மைக்ரோசொஃப்ட்டின் சி ஷார்ப் மொழிக்கு வந்த லிங்க் வினவல் முறையும் அந்த வழியில் வந்தவைதான். எப்படிச் சுற்றிவருவது என்று எழுதாமல், என்ன வேண்டும் என்பதை மட்டும் எழுதுகிற சார்புப் பாணி இது. எழுத அழகு, வாசிக்கவும் இலகு.

ஆனால் இரண்டையும் ஒரே வினவலில் கலக்கும்போது மொழிக்கு மொழி நடத்தை வேறு.

ஸ்காலாவில் முதலில் பட்டியல், பிறகு கட்டம் என்று எழுதினால் ஒரு முறைப்பாடும் இல்லாமல் ஓடும். மொழியே கட்டத்தைக் குட்டிப் பட்டியலாக மாற்றிக்கொள்ளும். வெறுமையானவை சத்தமில்லாமல் விழும். எங்கள் ஏழு பேரும் விழுந்த அதே மாதிரி.

வரிசையை மாற்றி, முதலில் கட்டம் பிறகு பட்டியல் என்று எழுதினால் அதே ஸ்காலா ஓடவே மறுக்கும். வகை பொருந்தவில்லை என்று சிவப்புக் கோடு போடும். பிள்ளைகள் இதைப் பார்த்துச் சலித்துக்கொள்வார்கள். ஆனால் அந்த மறுப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. உதாரணமாக, ஒரு குடும்ப அட்டை இலக்கத்தைக் கொடுத்து, அந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் யார் என்று கேட்கிறோம் என்று வையுங்கள். பதில் வெறும் பட்டியலாக வந்தால் அதற்கு இரண்டு பொருள் இருக்கலாம். அப்படி ஒரு குடும்பமே பதிவில் இல்லை என்பது ஒன்று. குடும்பம் இருக்கிறது, பள்ளிக்கூடம் போகிற வயதில் பிள்ளை இல்லை என்பது மற்றது. முதலாவதற்குக் கிராம அலுவலரிடம் போக வேண்டும். இரண்டாவதற்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை. கட்டத்தைப் பட்டியலாக மாற்றுகிற அந்த நிமிடத்தில் இரண்டும் ஒரே வெறும் பட்டியலாகிவிடும். வேறுபாடு போனால் போனதுதான். பிறகு தேடி எடுக்க முடியாது. அதனால்தான் மொழி நிறுத்திக் கேட்கிறது: மாற்றட்டுமா, நீயே சொல்.

ஹஸ்கெல் இன்னும் கண்டிப்பு. எந்த வரிசையில் எழுதினாலும், கட்டத்தைப் பட்டியலாக மாற்று என்று கையால் எழுத வேண்டும். ஜாவாவில் இதற்கென்று ஒரு வசதி 2017இல் ஜாவா 9 பதிப்பில்தான் வந்தது. அதுவரை, வெறுமை இல்லாதவற்றை வடித்து எடு, பிறகு உள்ளே இருப்பதை எடு என்று இரண்டு படியாக எழுதினார்கள். எழுத அலுப்புத்தான். ஆனால் "வடித்து எடு" என்று கையால் எழுதுகிறவருக்கு, எதையோ வடிக்கிறோம் என்பதாவது தெரியும்.

தரவுத்தளம் படிக்கிற பிள்ளைகளுக்கு இது வேறு பெயரில் வரும். எஸ்கியூஎல் மொழியில் இன்னர் ஜொயின் போட்டால், மற்ற அட்டவணையில் சோடி கிடைக்காத வரிசைகள் விழுந்துவிடும். லெஃப்ட் ஜொயின் போட்டால் இடப்பக்கத்து வரிசை எல்லாம் நிற்கும், வலப்பக்கம் வெறுமையாக இருக்கும். சொல் ஒன்றுதான் வித்தியாசம். எங்கள் கணக்கில் அந்த ஒரு சொல் ஏழு சைக்கிள்.

இனி, வெறுமையான கட்டங்களை என்ன செய்யலாம்? நாங்கள் வகுப்பில் இதை நான்கு வழியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறோம். பெற்றோரே, இந்த நான்கையும் நீங்கள் ஏதாவதொரு கந்தோர் வரிசையில் நின்று பார்த்திருப்பீர்கள்.

முதல் வழி, விட்டுவிடுவது. வெறுமையானவரைக் கணக்கில் எடுப்பதில்லை. இருப்பவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு வேலை தொடரும். ஃபிளாட்மேப் என்று பிள்ளைகள் எழுதுவது இதைத்தான் செய்யும். எல்லா இடத்திலும் இது கூடாது என்றில்லை. குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும் என்றால் தொலைபேசி இலக்கம் இருக்கிறவருக்குத்தானே அனுப்பலாம்.

இரண்டாம் வழி, ஒன்று குறைந்தால் எல்லாமே இல்லை. 34 பேரில் ஒருவரின் கட்டம் வெறுமை என்றால் 34 பேரின் பட்டியலும் வெறுமை. ஹஸ்கெலில் சீக்குவென்ஸ் என்ற சார்பு இதைச் செய்கிறது. ஒரு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று முழு வகுப்பின் கோப்பும் திரும்பி வந்த கதை எத்தனை ஆசிரியரிடம் கேட்டாலும் கிடைக்கும். இதுவும் சில இடத்தில் சரி. வீடு கட்டும்போது நான்கு தூணில் ஒன்றுக்குக் கம்பி வரவில்லை என்றால் கொங்கிறீட் போடக்கூடாது.

மூன்றாம் வழி, வெறுமையோடு வைத்திருப்பது. பெயரும் இருக்கும், பக்கத்தில் வெறுமையான கட்டமும் இருக்கும். 34 கொடுத்தால் 34 வரும். எண்ணிக்கை மாறாது.

நான்காம் வழி, இரண்டு பட்டியலாகப் பிரிப்பது. இலக்கம் உள்ள 27 பேர் ஒரு பட்டியல். இலக்கம் இல்லாத 7 பேர் இன்னொரு பட்டியல், அதுவும் அதே தாளில் அச்சாகி வரும். உதவித் திட்டப் பட்டியல்களுக்கு இதுதான் பொருத்தம் என்று நாங்கள் சொல்வோம். கிடைத்தவர்களுக்கு வேலை நடக்கும், கிடைக்காதவர்கள் யார் என்றும் தெரியும்.

இந்த நான்கில் எது சரி என்பதைக் கணினி சொல்லாது, மொழியும் சொல்லாது. எழுதுகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். எழுதுகிறவர் தீர்மானிக்காமல் விட்டால் பெரும்பாலும் முதல் வழிதான் நடக்கும். ஏனென்றால் அதுதான் மூன்று வரியில் முடியும்.

நான்காம் வழியில் இன்னொரு நன்மை இருக்கிறது. இரண்டாவது பட்டியலில் காரணத்தையும் எழுதலாம். இதற்காகவே ஹஸ்கெலிலும் ஸ்காலாவிலும் ஈதர் என்று ஒரு வகை உண்டு. கட்டத்துக்குள் பெறுமதி இருக்கும், அல்லது ஏன் இல்லை என்ற காரணம் இருக்கும். சும்மா வெறுமை என்று ஒன்று அங்கே கிடையாது.

வன்னியில் இருக்கிற எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. "தந்தை" என்ற ஒரு கட்டத்தை எடுங்கள். தந்தை இறந்துவிட்டார். தந்தை வெளிநாட்டில். தந்தை பிரிந்து போய்விட்டார். தந்தை எங்கே என்றே தெரியாது. நான்கு வீட்டுக்கு நான்கு விடை. படிவத்தில் நான்கும் ஒரே வெறுமை.

நாட்டின் சட்டமே இதே இடத்தில் வந்து நின்றது. 2010ஆம் ஆண்டின் இறப்புகளைப் பதிவுசெய்தல் தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ், ஒரு வருடத்துக்கு மேல் காணாமல் போனவருக்கு இறப்புச் சான்றிதழ் எடுக்கலாம் என்று இருந்தது. எடுத்தால்தான் சொத்து, வங்கி, உதவி என்று அடுத்த வேலை நடக்கும். ஆனால் எத்தனையோ தாய்மாரும் மனைவிமாரும் அதை எடுக்க மறுத்தார்கள். இறந்துவிட்டார் என்று அவர்களால் எழுதிக் கொடுக்க முடியவில்லை. உயிரோடு இருக்கிறார் என்றும் எழுத முடியாது. இருந்த இரண்டு பெறுமதியில் ஒன்றும் உண்மைக்குப் பொருந்தவில்லை. 2016இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். இறந்தார் என்று சொல்லாமல், இவரைக் காணவில்லை என்று மட்டும் சொல்கிற ஒரு சான்றிதழுக்கு இடம் வந்தது. அந்தச் சான்றிதழோ வந்த அலுவலகங்களோ போதுமா என்பது வேறு கதை, அதைத் தெருவோரம் இருந்து போராடுகிற தாய்மார்தான் சொல்ல வேண்டும். நாங்கள் பாடத்துக்கு எடுப்பது ஒன்றைத்தான். "இல்லை" என்பதும் "தெரியாது" என்பதும் ஒன்றல்ல. ஒரு நாட்டின் சட்டப் புத்தகம் அதற்குத் தனி இடம் ஒதுக்க வேண்டி வந்தது. நாங்கள் எழுதுகிற செய்நிரலும் ஒதுக்க வேண்டும்.

கட்டத்தின் மறுபக்கச் சிக்கலும் உண்டு. ஒன்றுதான் எழுதலாம் என்ற கட்டத்தில் இரண்டு எழுத வேண்டியவர் என்ன செய்வார்? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல புத்தளத்தில் வாழ்ந்து, பிறகு சில திரும்பி வந்தன. "நிரந்தர முகவரி" என்ற கட்டத்தில் எதை எழுதுவது? பிள்ளை பிறந்தது அங்கே, காணி இங்கே. முல்லைத்தீவை எழுதினால் ஓரிடத்தில் கேள்வி, புத்தளத்தை எழுதினால் இன்னோரிடத்தில் கேள்வி. இறுதி யுத்தத்தில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு வந்த எங்கள் தமிழ்ச் சகோதரர்களுக்கும் இந்தக் கட்டம் பழக்கம்தான். 2012 செப்டெம்பரில் அந்த முகாம் மூடப்பட்டது. அதற்குள் எத்தனை தாளில் எத்தனை முகவரி எழுதியிருப்பார்கள்!

இங்கே கட்டம் என்ற வகையே பிழை. வாழ்க்கையில் இருப்பது பட்டியல். செய்நிரல் எழுதுகிற பிள்ளை முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். இந்த விவரம் எல்லோருக்கும் கட்டாயம் ஒன்று இருக்குமா, ஒன்றோ இல்லையோ, அல்லது பலவா? பிறந்த திகதி எல்லோருக்கும் ஒன்று. அடையாள அட்டை ஒன்று அல்லது இல்லை. முகவரி, தொலைபேசி, பொறுப்பாளர் எல்லாம் பட்டியல். பொறுப்பாளர் என்பதைப் பட்டியலாக வைத்திருந்தால் அந்த அம்மம்மாவின் இலக்கத்துக்கு இடம் இருந்திருக்கும்.

கணினி படிக்கிற பிள்ளைகளே, உங்களுக்கு மூன்று வேலை.

முதலாவது, வினவல் ஓடி முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். உள்ளே போனது எத்தனை, வெளியே வந்தது எத்தனை. இரண்டும் வேறாக இருந்தால் ஏன் என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். பைதனில் அதற்கு ஒரு வரி போதும்.

இரண்டாவது, பைதனில் வெறுமைக்கு நன் என்று ஒரு பெறுமதி இருக்கிறது. பட்டியலை வடிக்கும்போது "நன் இல்லாதவை மட்டும்" என்று எழுதுகிறீர்கள் அல்லவா? அதே இடத்தில் இன்னொரு வரி எழுதி, நன் ஆக உள்ளவர்களையும் ஒரு பட்டியலில் எடுத்து வையுங்கள். எறிய வேண்டாம்.

மூன்றாவது, வெறுமைக்குப் பதிலாகப் பூச்சியமோ கோடோ போட்டு நிரப்பாதீர்கள். புள்ளி பூச்சியம் எடுத்த பிள்ளையும் பரீட்சைக்கு வராத பிள்ளையும் ஒன்றல்ல. சராசரி எடுக்கும்போது இரண்டையும் ஒன்றாக்கினால் வகுப்பின் கணக்கே பிழைத்துவிடும்.

பெற்றோரே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு ஒரு படிவம் வந்தால் எந்தக் கட்டத்தையும் சும்மா விட்டு அனுப்ப வேண்டாம். இல்லை என்றால் "இல்லை" என்று எழுதுங்கள். விண்ணப்பித்திருந்தால் "விண்ணப்பித்துள்ளோம்" என்று எழுதித் திகதியும் போடுங்கள். பிள்ளை அம்மம்மாவோடு, பெரியம்மாவோடு இருந்தால் ஓரத்தில் அவருடைய பெயரையும் இலக்கத்தையும் எழுதுங்கள். தந்தை பற்றி எழுதக் கை வராவிட்டால் எழுத வேண்டாம், பள்ளிக்கூடத்துக்கு வந்து எங்களிடம் வாயால் சொல்லுங்கள். ஏன் என்று துருவ மாட்டோம். அந்தக் கட்டம் மறந்து விட்டதல்ல, தெரிந்தே விட்டது என்று எங்களுக்குத் தெரிந்தால் போதும். அந்தப் பிள்ளையின் பெயர் எந்தப் பட்டியலிலும் விழாமல் நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

அடுத்த தவணைக்கான விவரப் படிவம் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பப்படும். இந்தத் தடவை "பொறுப்பாளர்" என்பதற்கு மூன்று வரி விட்டிருக்கிறோம். காணாவிட்டால் தாளின் பின்பக்கத்திலும் எழுதலாம்.